அழைப்புத் தாள்

தென்காசிக்காரர்களுக்கு வருஷத்தில் மூன்று மாதம் உறவினர்கள் அதிகம். ஆனி பிறந்து, மேற்கு மலையில் மேகம் கூடி, குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் போதும். பல வருஷங்களாக நம்மை மறந்திருந்த ஒன்றுவிட்ட மைத்துனர்கள் எல்லாம் மிகுந்த பாசத்துடன் க்ஷேமம் விசாரிப்பார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே, "ஐந்தருவியில் தண்ணீர் எப்படி?" என்ற கேள்வி வந்துவிடும். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அருவியில் ஒரு முறை தலையைக் கொடுத்தவன் அடுத்த வருஷம் தேடி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குற்றாலம் வெளியூரை வரவேற்றுப் பழகிய ஊர். கும்பெனியார் காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் கடல் கடந்து வந்து இந்த மலைச் சாரலில் வேர் விட்டன. செடிகளை யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. மண் பிடித்தது, தங்கிவிட்டன. தென்காசியோ, வெளியூர் போகவேண்டாம் என்று சொல்வதற்காகவே உண்டான ஊர். வடக்கே அவ்வளவு தூரம் நடந்து காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி வேண்டும் என்று பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் விசுவநாதருக்குக் கோயில் எடுப்பித்தான் என்று சொல்வார்கள். ஆனால் விசுவநாதர் வந்து குடியேறிய பிறகும் இந்த ஊர் ஜனங்கள் வெளியூர் போவதை நிறுத்தவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்குத் தெற்கு வடக்கு தெரியாது.

நான் இங்கே எழுதப் போவது அப்படிப் போகிறவர்களைப் பற்றித்தான்.

சென்ற சாரல் காலத்தில் ஒரு மாலை என் அடுத்த தெரு நண்பர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். நண்பருக்குச் சின்ன இரும்புக் கடை. மகன் ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டுச் சென்னையிலும் வளைகுடாவிலும் சமையற் கூடங்களில் வேலை பார்த்தவன். கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"அண்ணாச்சி, நீங்க நாலு எழுத்து எழுதுதவுக. இதக் கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்லணும். பையன் வடக்க போறேங்கான்."

"வடக்கே என்றால், டில்லியா?"

"டில்லி இல்ல மாமா. கனடா. அதுலயும் வட கோடி" என்றான் பையன்.

ஊரின் பெயர் யெல்லோநைஃப். பூமிப் படத்தை எடுத்துப் பார்த்தோம். கனடா தேசத்தின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகரம் அது. தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்கு பெரிய பிரதேசம். மொத்த ஜனத்தொகை 45 ஆயிரம் அளவுதான். 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி தென்காசி நகரத்துக்குள் மட்டும் 70 ஆயிரம் பேர் இருந்தோம்! ஆனி மாதத்தில் அங்கே இரவு பதினோரு மணிக்கும் சூரியன் அஸ்தமிப்பதில்லை. மார்கழியில் பகல் என்பது ஐந்து மணி நேரம். தை மாதத்துக் குளிர், பனிக்கட்டி உறையும் நிலைக்கும் கீழே இருபத்தைந்து டிகிரி. பையனுடைய தாயார் இதைக் கேட்டுவிட்டு, "அங்க அருவி இருந்தாலும் கல்லாத்தான் இருக்கும்" என்றாளாம்.

அங்கே பொன் எடுத்தார்கள், பிறகு வைரம் எடுத்தார்கள். ஆனால் சமைக்கவும், வண்டி ஓட்டவும், நோயாளியைப் பார்க்கவும் ஆள் போதவில்லை. கனடா தேசத்துச் சர்க்கார் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஓர் ஏற்பாட்டை நடத்திவருகிறது. அந்தந்த மாகாணமும் பிரதேசமும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேர்ந்து, "இவரை எங்களுக்குக் கொடுங்கள்" என்று மத்திய சர்க்காருக்கு முன்மொழியலாம். வடமேற்குப் பிரதேசங்கள் 2009-இல் இதில் சேர்ந்தன. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து மனுப் போட வேண்டும். பிரதேச சர்க்கார் பரிசீலித்து முன்மொழியும். மத்திய சர்க்கார் தேக ஆரோக்கியம், நன்னடத்தை எல்லாம் பார்த்து நிரந்தர வாச உரிமை கொடுக்கும்.

பையனுக்கு ஒரு ஹோட்டல்காரர் வேலை தருவதாக எழுதியிருந்தார். காகிதங்களைப் படித்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. "நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அனுப்பாமல் தடுத்தவர் ஒரு டீக்கடைக்காரர்.

அன்று மழை விட்டதும் மூவரும் குற்றாலம் சாலையில் நடந்தோம். வழியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. கடைக்காரர் எழுபதை நெருங்கும் பெரியவர். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970-களில், பதின்மூன்று வயதுப் பையனாகத் தாய் தகப்பனோடு தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர். டீயின் நிறத்தைப் பார்த்தே அது எந்த உயரத்தில் விளைந்த இலை என்று சொல்வார்.

பையன் உற்சாகமாகத் தன் விஷயத்தைச் சொன்னான். பெரியவர் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூப்பிட்ட மொதலாளி நாளைக்கு வேணாம்னு சொன்னா, நீ எங்க போய் நிக்கணும்னு அந்தத் தாள்ல எழுதியிருக்கா தம்பி?"

பையன் என்னைப் பார்த்தான். நான் நண்பரைப் பார்த்தேன். மூவருக்கும் தெரியவில்லை.

"எங்க தாத்தா போனப்பவும் எல்லாத் தாளும் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் பெரியவர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் நூறு, நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்த்தான் திரும்ப வேண்டும் என்று தோன்றியது. வாசகர்களும் என்னோடு வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

*

இலங்கையில் வெள்ளைக்காரத் துரைகள் முதலில் பயிரிட்டது காப்பி. 1830-களில் கண்டி மலைகளில் காடு அழிந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பிக்கு அறுப்புக் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களின் ஏழை ஜனங்கள் படகில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து வடக்குப் பாதை என்று பெயர் பெற்ற காட்டு வழியில் நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்குப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வழி. காலராவும் காய்ச்சலும் வழித்துணை. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அறுப்பு முடிந்ததும், பிழைத்திருந்தால், அதே வழியில் திரும்பினார்கள்.

1869-இல் காப்பிச் செடியில் ஒரு பூஞ்சை நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருஷங்களில் காப்பி ஒழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு அறுப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. வருஷம் முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆகவே ஆண்கள் வந்து போவது நின்று, குடும்பம் குடும்பமாக வந்து தங்குவது ஆரம்பமாயிற்று. லயன் என்ற நீண்ட கொட்டடி வரிசைகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. ஒரு செடி மாறியதால் ஒரு ஜன சமூகமே உருவாகிவிட்டது.

இவர்களை ஊரிலிருந்து அழைத்துப் போனவர் யார்? துரையா? துரைக்கு இந்தக் கிராமங்களின் பெயர்கூட வாயில் நுழையாது. அழைத்தவர் நம்மவர்தான், பெயர் கங்காணி. சொந்த ஊருக்கு வருவார். மேலே கோட்டு, கையில் குடை, வாய் நிறைய வெற்றிலை. உறவு முறை சொல்லிப் பேசுவார். மழை பொய்த்த வருஷமாக இருந்தால் அவருக்கு வேலை சுலபம். துரையிடம் வாங்கி வந்த முன்பணத்தில் பழைய கடனை அடைக்கக் கொஞ்சம், வழிச் செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பார். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது இவை எல்லாம் அந்தத் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியிருக்கும். தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும், ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் நின்றவரும் அவர்தான். சாவுக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் கணக்குப் புத்தகமும் அவர் கையில்தான் இருந்தது.

இந்தக் கணக்கிலிருந்துதான் 'துண்டு' பிறந்தது. துண்டு என்றால் ஒரு சிறு காகிதம். "இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் எங்களுக்கு இவ்வளவு பாக்கி. அதைக் கட்டுகிறவருக்கு இவர்களை விட்டுக் கொடுக்கிறோம்" என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துத் துரையிடம் பேரம் பேசுவார். புதிய துரை பாக்கியைக் கட்டுவார். கடன் தீராது; கடன்காரர்தான் மாறுவார். துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வழியில்லை. சங்கிலி இரும்பில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

*

இதுவரை சொன்னது தனியார் விவகாரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் சர்க்கார்களும் சங்கங்களும் உள்ளே வந்தன. என் இளம் நண்பனுடைய காகிதங்களுக்குப் பாட்டனார் முறையாகிற காகிதங்கள் அப்போதுதான் தோன்றின.

பிளேக் நோய்ப் பயத்தில் வடக்குப் பாதை மூடப்பட்ட பிறகு, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலில் போவது வழக்கமாயிற்று. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இலங்கைச் சர்க்கார் ஒரு முகாம் வைத்தது. அங்கே உடம்பைப் பார்த்து, அம்மை குத்தி, சில நாள் நிறுத்தி வைத்து அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை உண்டு. அதில் ஜில்லாவுக்கும் தோட்டத்துக்கும் உரிய அடையாளங்கள் பொறித்திருக்கும். அந்த வில்லை இருந்தால் ரயிலுக்கும் கப்பலுக்கும் கையில் காசு வேண்டாம். செலவு தோட்டத்துக் கணக்கில் போய்விடும். பெயர் தெரியாவிட்டாலும் சரக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். 1904-இல் இலங்கைத் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியில் ஒரு தொழிலாளர் கமிஷன் காரியாலயத்தையே திறந்துவிட்டார்கள். அதே வருஷத்தில்தான் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மேற்கே திருவாங்கூர்த் தோட்டங்கள், கிழக்கே கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்கள். இந்தப் பக்கத்து ஏழைகளுக்கு இரண்டு திசையிலும் தண்டவாளம் போட்டாகிவிட்டது. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் மண்டபம் முகாம் பெரிய வாசலாயிற்று.

மலாயாவுக்கு ஆள் போன விதம் இன்னும் ஒழுங்கானது. 1907-இல் அங்கே தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் அதில் பணம் கட்ட வேண்டும். கப்பற் செலவை அந்த நிதி ஏற்கும். கங்காணிக்கு லைசென்ஸ் உண்டு. தோட்டத்துத் துரை அவர் பெயரை எழுதி, இத்தனை ஆள் வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். தொழில் இலாகா அதை அங்கீகரிக்கும். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்து, கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, போவதற்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்கி, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமுக்கு அழைத்துப் போவார். அங்கே டாக்டர் பார்ப்பார். பிறகு கப்பல்; பினாங்கு.

முதலாளியின் முன்மொழிவு, சர்க்காரின் சம்மதம், தேக பரிசோதனை, நன்னடத்தைச் சாட்சி, இலவசப் பிரயாணம். பையன் கொண்டுவந்த கத்தையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தலைப்புகள் ஏறக்குறைய அவையேதான்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1921-இல் இலங்கையில் துண்டு ஒழிக்கப்பட்டது. 1922-இல் இந்தியச் சர்க்கார் குடிபெயர்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட தேசங்களுக்கு, அறிவிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி மட்டுமே கூலி வேலைக்கு ஆள் போகலாம். கடன் இல்லாமல் இறங்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விடலாம். கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்தியச் சர்க்காரின் ஏஜண்டுகள் உட்கார்ந்தார்கள். 1927-இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் நாளுக்கு நாள் அபிவிருத்திதான். ஆனாலும் நம் ஜில்லாவில் வளர்ந்த புதுமைப்பித்தன் 1930-களில் இந்த ஜனங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, கதைக்குத் 'துன்பக்கேணி' என்றுதான் பெயர் வைத்தார்.

காகிதங்களில் இல்லாமற்போனது என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது.

1930-களின் மந்த காலத்தில் ரப்பர் விலை விழுந்தபோது மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கூலி குறைந்ததும் 1938-இல் இந்தியச் சர்க்கார் அந்த வழியை மூடியது. 1939-இல் இலங்கைச் சர்க்கார் தன் இலாகாக்களில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்கத் தீர்மானித்தது. நேரு போய்ப் பேசிப் பார்த்தார்; பயனில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதி இந்தியா அந்தக் கதவையும் சாத்தியது. அப்போது இலங்கையில் இருந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 1947 தேர்தலில் வோட்டுப் போட்டு ஏழு பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

மறு வருஷம் இலங்கை சுதந்தரம் பெற்றது. அதே 1948-இல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு. அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. லயன் அறையில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சர்ட்டிபிகேட்டை யார் எழுதி வைத்தார்கள்? கங்காணியின் புத்தகத்தில் கடன் இருந்தது. பிறந்த தேதி இல்லை. அடுத்த வருஷம் வோட்டும் போயிற்று. தேயிலை மட்டும் தினந்தோறும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டாவும் குண்டாவும் பிரிப்பது போல! ஒப்பந்த மேஜையில் அந்த ஜனங்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. எஞ்சியிருந்த கடைசி நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜா உரிமை கிடைக்க 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது.

என் டீக்கடைப் பெரியவர் அந்த ஐந்து லட்சத்துச் சொச்சத்தில் ஒருவர். தகப்பனார் கொண்டுவந்த குடும்ப அட்டையை இன்னும் வைத்திருக்கிறார். மண்டபத்தில் இறங்கியபோது அந்தப் பையனுக்கு இந்தியா புதிது. "அங்க எங்கள இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்க வந்ததும் சிலோன்காரன்னு சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

*

மறுநாள் பையனை மறுபடி அழைத்தேன். இருவரும் உட்கார்ந்து, பெரியவருடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, விதிகளை முதலிலிருந்து படித்தோம்.

விடை இருந்தது. ஆனால் அது இரண்டு பகுதியாக இருந்தது.

முதற் பகுதி கொஞ்சம் கசப்பானது. நிரந்தர வாச உரிமை வந்து சேரும் வரை, இவன் கையிலிருக்கும் வேலை அனுமதி அந்த ஒரு முதலாளிக்கு மட்டுமே. நடுவில் வேலை போனால், முன்மொழிந்த பிரதேச சர்க்கார் தன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். அதாவது, அந்தச் சில மாதங்கள் அல்லது ஒன்றிரண்டு வருஷங்கள் இவன் நிற்பது முதலாளியின் தயவில். ஒரே முதலாளியோடு ஆளைக் கட்டிப்போடும் அனுமதியின் ஆபத்தைக் கனடாவுக்கு வெளியிலும் கவனித்திருக்கிறார்கள். 2023-இல் அங்கே சென்று பார்த்த ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷ அறிக்கையாளர், தற்காலிகத் தொழிலாளர் திட்டங்கள் சிலவற்றை நவீன அடிமைத்தனத்துக்கு விளைநிலம் என்றே கண்டித்தார். துண்டு ஒழிந்து நூறு வருஷம் ஆகியும் அதன் நிழல் எங்கேயோ விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாம் பகுதியில்தான் வித்தியாசம். நிரந்தர வாச உரிமை வந்துவிட்டால் முதலாளியின் பிடி விட்டுப்போகிறது. அந்தத் தேசத்தின் 1982-ஆம் வருஷத்து உரிமைச் சாசனம், நிரந்தர வாசிக்கும் எந்த மாகாணத்திலும் போய் வசிக்கவும் பிழைக்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்குள் 1,095 நாட்கள் அங்கே இருந்தால் பிரஜா உரிமைக்கே மனுப் போடலாம். முப்பாட்டன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்பதில்லை. ஹட்டனில் மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளியவர்களுக்குக் கிடைக்காதது, யெல்லோநைஃபில் சில வருஷங்களிலேயே எட்டக்கூடியதாக இருக்கிறது.

கதவு எப்போதும் இதே அகலத்தில் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025-ஆம் வருஷத்துக்கு மாகாணங்கள் முன்மொழியும் இடங்களைக் கனடா ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஆள் வேண்டும்போது அழைப்பதும், வேண்டாதபோது எண்ணிப் பார்ப்பதும் எல்லாச் சர்க்கார்களுக்கும் சுபாவம். இன்னொன்றும் பையனிடம் சொன்னேன். ஆள் கிடைக்காத ஊர் என்றால் ஆள் இல்லாத ஊர் என்று அர்த்தமில்லை. கண்டி மலையில் காப்பி வருவதற்கு முன் சிங்களக் குடியானவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மலைகள் பலவற்றைச் சர்க்கார் நிலம் என்று 1840-இல் சட்டம் போட்டு எடுத்துத் துரைகளுக்கு விற்றார்கள். அந்தப் புண் ஆறாமல் இருந்து, கடைசியில் அழைக்கப்பட்டுப் போன ஏழைகள் மேல்தான் எரிந்தது. யெல்லோநைஃபிலும் டெனே என்ற ஆதி குடிகள் இருக்கிறார்கள். ஏரியும் காடும் அவர்களுடைய மூதாதையர் நடமாடியவை. போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

"அப்போ போகலாமா வேண்டாமா மாமா?" என்றான்.

"போகலாம். ஆனால் முதலில் மூன்று கேள்விகள் எழுதிக் கேள். விமானச் செலவு யாருடையது, அது கடனா? வாச உரிமைக்கான மனுவை என்றைக்குப் போடுவார்கள்? நடுவில் ஹோட்டலை மூடினால் நீ என்ன செய்வது?"

நடுவில் ஒரு தரகர் வேறு முளைத்திருந்தார். லட்சக் கணக்கில் கேட்டார். எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உறவு முறை சொல்லியும் பேசினார். 1922-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1983-இல் வந்த குடிபெயர்ச்சிச் சட்டம், பதிவு பெறாதவர்கள் ஆள் சேர்க்கக் கூடாது என்றது. அவருடைய பதிவு எண் என்ன என்று நண்பர் கேட்டார். அதன் பிறகு அவருடைய உறவு முறை அறுந்துவிட்டது.

ஹோட்டல்காரரிடமிருந்து பத்து நாளில் பதில் வந்தது. செலவு தம்முடையது, கடன் இல்லை. வேலைக்குச் சேர்ந்து, முன்மொழிவு கிடைத்த உடனே மனு. மூன்றாவது கேள்விக்கு அவர் எழுதியது, "அப்படி நேராது என்று நம்புகிறேன்" என்பது மட்டும்தான். நேர்மையான பதில் என்று எனக்குப் பட்டது. நண்பருக்கு அது போதவில்லை. ஒரு நாள் முழுக்கக் கடையைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே போய் மகனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை தென்காசி ஸ்டேஷனிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினான். வழியனுப்ப டீக்கடைப் பெரியவரும் வந்திருந்தார். ஒரு பொட்டலம் தேயிலையை அவன் கையில் வைத்து அழுத்தினார், ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பியபோது தாயார் அழுதாள். மேற்கே மலை, கோடைக்கு முந்திய தெளிவில், ரொம்பக் கிட்டத்தில் நிற்பது போல் இருந்தது.

ஆனி பிறந்து இங்கே சாரல் விழுந்த சமயத்தில் அவனிடமிருந்து செய்தி வந்தது. இரவு மணி பதினொன்று, வெளியே வெயில் அடிக்கிறது. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறேன். முதலாளி நல்ல மனிதர். தேயிலை தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தான்.

அதைக் கொண்டுபோய்ப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மொதலாளி நல்லவரா இருக்கட்டுங்க ஐயா. நல்லதுதான். அந்தக் கார்டு வந்துச்சான்னு கேட்டு எழுதுங்க."